சேர்க்கை உண்டு, உதவித்தொகை பற்றிப் பேச்சில்லை: ஏப்ரல் 15 வரை என்ன செய்வது?

தறிவீட்டுப்பெண்
26 மார்ச் 2025, இரவு 11.40

வணக்கம். கும்பகோணத்தை அடுத்த திருபுவனம் என் ஊர். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் மாதம் 14,000 ரூபாய் சம்பளத்துக்கு ஆய்வக வகுப்பும் ஒளியியல் பாடமும் எடுக்கிறேன். சென்ற டிசம்பரில் அமெரிக்காவில் ஏழு பல்கலைக்கழகங்களுக்கு இயற்பியல் பிஎச்.டி. படிப்புக்காக விண்ணப்பித்தேன். ஜி.ஆர்.இ. தகுதித் தேர்வு, டோஃபல் ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பக் கட்டணங்கள், மதிப்பெண் அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 95,000 ரூபாய் ஆனது. ஏழு மாதச் சம்பளம். அப்பாவிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை.

இன்றைய நிலவரம் இது. இரண்டு இடங்களில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஓரிடத்தில் பிப்ரவரி 27 முதல் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். மூன்று இடங்களிலிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. மீதமுள்ள ஓரிடத்திலிருந்து மார்ச் 12 அன்று சேர்க்கைக் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அம்மா பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் கடிதத்தின் மூன்றாவது பத்தியை நிதானமாகப் படித்தேன். நிதியுதவி பற்றிய முடிவு தனியாகத் தெரிவிக்கப்படும் என்று ஒரே ஒரு வரி. அதன் கீழே ஓராண்டுச் செலவு 46,000 டாலர் என்று ஒரு கணக்கு. இன்றைய மதிப்பில் 39 லட்சம் ரூபாய். பொதுவாக ஏப்ரல் 15தான் கடைசி நாள் என்கிறார்கள். ஆனால் இவர்கள் இணையப் பக்கத்தில் ஏப்ரல் 7க்குள் சம்மதமா இல்லையா என்று பதில் கேட்கிறார்கள்.

அப்பாவுக்கு இரண்டு பட்டுத் தறிகள். ஒரு புடவை நெய்து முடிக்கப் பத்து நாளாவது ஆகும். சென்ற வாரம் நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது பீரோ திறந்திருந்தது. வீட்டுப் பத்திரத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மடித்து வைத்துவிட்டார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

அங்கே அலுவலகம் திறக்கும்போது நமக்கு மாலை ஆறரை. மூடும்போது இரவு இரண்டரை. அந்த எட்டு மணி நேரமும் கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காலையில் முதல் வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி காதில் விழுவதில்லை. அவர்களுக்கு நான் இழைக்கும் அநியாயமாகவே இதை நினைக்கிறேன்.

நிதியுதவி என்ன ஆயிற்று என்று எழுதிக் கேட்டால் நச்சரிக்கிறாள் என்று நினைப்பார்களா? உதவித்தொகை இல்லாமலே சேர்ந்து, அங்கே போன பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்கிறார். அது நடக்கக்கூடியதா? காத்திருப்போர் பட்டியல் உண்மையில் நகருமா, அல்லது மரியாதைக்காகச் சொல்லும் மறுப்பா? சென்ற ஆண்டு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில், இந்தியாவில் ஆய்வு செய்ய மாத உதவித்தொகை தரும் ஜே.ஆர்.எஃப். தேறியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதைக் கடந்து வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.


ஏரிக்கரை
27 மார்ச் 2025, காலை 8.15

தங்கைக்கு வணக்கம். நான் அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. ஐந்தாம் ஆண்டில் இருக்கிறேன். திண்மநிலை இயற்பியல், சோதனைப் பிரிவு. மூன்று ஆண்டுகளாகப் புதிய மாணவர்களுக்குத் துறையைச் சுற்றிக் காட்டும் வேலையும் செய்கிறேன். அதனால் மார்ச் மாதம் இந்தக் கட்டடத்துக்குள் எப்படி நடக்கிறது என்பதை ஓரளவு பார்த்திருக்கிறேன்.

முதலில் பெரிய கேள்வி. பணம் கட்டி பிஎச்.டி. சேராதே. இயற்பியலில் அது இங்கே வழக்கமே இல்லை. கல்விக் கட்டண விலக்கு, மாதத் தொகை, மருத்துவக் காப்பீடு மூன்றும் இருந்தால்தான் அதை இடம் என்று சொல்வோம். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னவர் எம்.எஸ். என்ற முதுநிலைப் படிப்பை நினைத்துக்கொண்டு சொல்லியிருப்பார். பிஎச்.டி.யிலும் ஒரு சிலருக்கு அப்படிக் கிடைத்திருக்கலாம். ஆனால் கிடைக்காவிட்டால் முதல் பருவம் முடியும்போதே உன் அப்பாவின் தறி நின்றுவிடும்.

இப்போது துறை எப்படி முடிவு செய்கிறது என்று சொல்கிறேன். இது தெரிந்தால் பாதிக் கலக்கம் போய்விடும். முதலாண்டு மாணவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் வருவது டி.ஏ. என்ற கற்பித்தல் உதவியாளர் பணியிலிருந்து. இளங்கலை மாணவர்களுக்கு எத்தனை ஆய்வக வகுப்புகள் நடக்குமோ அத்தனை டி.ஏ. இடங்கள். அதில் மூத்த மாணவர்கள் எத்தனை பேர் தொடர்கிறார்கள், எத்தனை பேர் பேராசிரியரின் ஆய்வு நிதிக்கு மாறுகிறார்கள் என்பது மார்ச்சில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. அழைப்பு அனுப்பியவர்களில் எல்லோரும் வரமாட்டார்கள் என்பதால் இடங்களைவிட அதிகம் பேருக்கு அழைப்பு அனுப்புகிறார்கள். அதே சமயம் எல்லோரும் வந்துவிட்டால் சம்பளம் கொடுக்க முடியாது என்ற பயமும் உண்டு. அதனால் விண்ணப்பித்தவர்களில் ஒரு பகுதியினரைக் கையில் நிறுத்தி வைக்கிறார்கள். காத்திருப்போர் பட்டியல் என்பது அதுதான். மரியாதைக்கான மறுப்பு இல்லை.

ஏப்ரல் 15 எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொள். அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் மன்றம் ஒரு தீர்மானம் வைத்திருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன்னால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று மாணவரை நெருக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் இரண்டு மூன்று அழைப்புகள் கையில் உள்ளவர்கள் கடைசி நாள் வரை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். அவர்கள் ஒன்றை விட்டால்தான் உன்னைப் போன்ற ஒருவருக்கு அது இறங்கும். ஏப்ரல் 10 முதல் 15 வரைதான் பட்டியல் வேகமாக நகரும். கவனி, அந்தத் தீர்மானம் நிதியுதவி உள்ள அழைப்புக்கு மட்டும் பொருந்தும். உன் கையிலிருப்பதற்குப் பொருந்தாது. அதனால்தான் உன்னிடம் ஏப்ரல் 7 என்று கேட்கிறார்கள். அவகாசம் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கேட்காமல் தரமாட்டார்கள்.

இந்த ஆண்டு நிலைமை கூடுதலாகக் கெட்டிருக்கிறது, அது உன் குறையில்லை. பிப்ரவரி 7 அன்று மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் இங்குள்ள தேசிய சுகாதார நிறுவனங்கள், ஆய்வு நிதியோடு கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்காகப் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் மறைமுகச் செலவுத் தொகையை 15 விழுக்காட்டோடு நிறுத்தப் போவதாக அறிவித்தன. வழக்கு நடக்கிறது. இயற்பியலுக்கு நிதி வருவது பெரும்பாலும் வேறு அமைப்புகளிலிருந்துதான். ஆனாலும் பல்கலைக்கழகத்தின் பெட்டி ஒன்றுதான். பல இடங்களில் பிஎச்.டி. சேர்க்கையையே குறைத்திருக்கிறார்கள். எங்கள் துறையிலும் இவ்வாண்டு அழைப்புகள் குறைவு. நேர்காணல் வரை வந்த நல்ல பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு நாள் மனசு ஆறவில்லை.

இனி உன் கையில் இருக்கும் வேலை. சேர்க்கை தந்த துறைக்கு இன்றே எழுது. பேராசிரியருக்கு அல்ல, பட்டமேற்படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு. எல்லாக் கோப்பும் அவர் மேசையில்தான் இருக்கும். ஐந்தாறு வரிகள் போதும். தலைப்பில் விண்ணப்ப எண். சேர்க்கைக்கு நன்றி, வர விரும்புகிறேன், நிதியுதவி இல்லாமல் வர இயலாது, டி.ஏ. பணிக்கு என்னைப் பரிசீலிக்கிறார்களா, அதற்கு என் கோப்பில் ஏதாவது குறைகிறதா, பதில் தேதியை ஏப்ரல் 15 ஆக்க முடியுமா. குடும்பக் கஷ்டத்தை எழுதாதே. அது உண்மையே ஆனாலும் அவரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. குறைகிறதா என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியும். நம் நேரம் மாலை ஏழுக்கு அனுப்பு. அவர் காலையில் வந்து உட்காரும்போது மேலே இருக்கும். யாரும் உன்னை நச்சரிப்பவள் என்று நினைக்கமாட்டார்கள். வாரம் ஒரு முறை கேட்டால்தான் அப்படி நினைப்பார்கள்.

காத்திருப்போர் பட்டியலில் வைத்த துறையிடம் வேறு கேள்வி. பட்டியல் வரிசைப்படியா, அல்லது ஆய்வுப் பிரிவு வாரியாகவா? பல துறைகளில் கோட்பாட்டு மாணவர் ஒருவர் விலகினால் அந்த இடம் கோட்பாட்டுக்கே போகும். நீ சோதனைப் பிரிவு என்றால் அதைத் தெளிவாகச் சொல். பேச்சே இல்லாத மூன்று இடங்களிலும் விண்ணப்ப இணையப் பக்கத்துக்குள் நுழைந்து பரிந்துரைக் கடிதங்கள் மூன்றும் வந்து சேர்ந்தனவா என்று பார்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். டோஃபலில் பேச்சுப் பிரிவில் எவ்வளவு வாங்கினாய்?


தறிவீட்டுப்பெண்
27 மார்ச் 2025, காலை 9.50

அக்கா, மொத்தம் 101. பேச்சுப் பிரிவில் மட்டும் 22. அன்று தேர்வு மையத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் உரக்கப் பேசியதில் ஒரு கேள்விக்குத் தடுமாறிவிட்டேன். மொத்த மதிப்பெண் போதுமானதாக இருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் கேட்கிறீர்கள்?


ஏரிக்கரை
27 மார்ச் 2025, காலை 10.20

நினைத்தேன். சேர்க்கைக்கு மொத்த மதிப்பெண் போதும். டி.ஏ. பணிக்குப் பேச்சு மதிப்பெண்ணைத் தனியாகப் பார்ப்பார்கள், ஏனென்றால் வகுப்பில் நின்று பேசுவது நீதான். சில மாநிலங்களில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 26 அல்லது அதற்கு மேல் கேட்கும் துறைகள் உண்டு. குறைவாக இருந்தால் காணொளியில் தாங்களே ஒரு வாய்மொழித் தேர்வு வைக்கும் துறைகளும் உண்டு. உன் கோப்பு அங்கேதான் நின்றுபோயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கடிதத்தில் இதை நேராகவே கேள்: என் பேச்சு மதிப்பெண் 22, டி.ஏ. பணிக்கு இது தடையாக இருந்தால் வாய்மொழித் தேர்வுக்கு வழி உண்டா. இரண்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் ஆய்வக வகுப்பு எடுக்கிறேன் என்பதையும் சேர். அவர்களுக்குத் தேவையான அனுபவமே அதுதான். விண்ணப்பத்தில் எழுதினாயா?


தறிவீட்டுப்பெண்
27 மார்ச் 2025, காலை 10.35

ஒரு வரிதான் எழுதினேன். சிறிய கல்லூரி என்பதால் சொல்லத் தயங்கினேன். இன்று மாலை எழுதி அனுப்பிவிடுகிறேன்.


பழைய பேரேடு
27 மார்ச் 2025, பிற்பகல் 3.05

அன்புள்ள மகளுக்கு, நான் அரசுடைமை வங்கி ஒன்றில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன். உன் அப்பா பத்திரத்தை எடுத்துப் பார்த்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். பிறகுதான் மீதியைப் படித்தேன். கடனைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு 15 விழுக்காடு நீங்கள் கையிலிருந்து போட வேண்டும். 39 லட்சத்தில் அதுவே ஏறக்குறைய 6 லட்சம். படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். 40 லட்சம் கடன், வட்டி 10.5 விழுக்காடு என்று வைத்துக்கொள். தனி வட்டியே ஆண்டுக்கு 4,20,000. மாதத்துக்கு 35,000. இது முதலாண்டுச் செலவுக்கு வாங்கிய கடனுக்கு மட்டும். பிஎச்.டி. ஐந்தாறு ஆண்டு என்கிறார்கள். இரண்டாம் ஆண்டுப் பணம் எங்கிருந்து வரும்? அதற்கு அடமானம் வைக்க இன்னொரு வீடு இல்லை.

கல்விக் கடன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. என் கையெழுத்தில் கடன் வாங்கிப் படித்து நன்றாக இருக்கும் பிள்ளைகள் பலர். இரண்டு ஆண்டுப் படிப்பு, முடித்ததும் சம்பளம் என்று கணக்குக் கூடி வந்தால் நானே சிபாரிசு செய்வேன். முடிவு தெரியாத ஆறு ஆண்டுக்கு, குடியிருக்கும் வீட்டை வைத்து, என்றால் நான் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டேன். நான் வேலை பார்த்த ஒரு கிளையில் அப்படி ஒரு கணக்கு இருந்தது. என் முன்னவர் கொடுத்தது. பையன் படிப்பை முடிக்கவில்லை. கடன் கட்டாவிட்டால் அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழி செய்யும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த வீட்டுக் கதவில் அறிவிப்பு ஒட்ட நான் போனேன். அவன் அம்மா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். பதினோரு ஆண்டாகிறது, அந்த டம்ளர் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உன் அப்பா வாய்விட்டுக் கேட்கமாட்டார் போலிருக்கிறது. நீயே பேசிவிடு அம்மா. வீட்டை வைத்துப் போகமாட்டேன் என்று இன்று இரவே சொல்லிவிடு. முடிவு எப்படி வந்தாலும் அவர் நிம்மதியாகத் தூங்குவார்.


தரமணி
27 மார்ச் 2025, இரவு 9.30

தோழி, மேலே இருவரும் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றில் மட்டும் எனக்கு வருத்தம். ஜே.ஆர்.எஃப். தேறியதைக் கேள்வியின் கடைசியில், கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்பது போல எழுதியிருக்கிறீர்கள். 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000, வீட்டு வாடகைப் படி தனி. பெரியவர் சொன்ன வட்டிக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். அங்கே கடனுக்கு மாதம் 35,000 வட்டி ஏறும். இங்கே படிப்பதற்கு அதைவிடக் கூடுதலாக உங்கள் கைக்கு வரும்.

நான் சென்னையில் ஜே.ஆர்.எஃப். பெற்று ஆய்வு முடித்தேன். குறையே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். தொகை சில சமயம் மூன்று மாதம் சேர்ந்து வந்தது. அந்த மாதங்களில் நண்பர்களிடம் கைமாற்று வாங்கினேன். கருவி பழுதானால் உதிரிபாகம் வர அரை ஆண்டு. ஆனால் நான் செய்த ஆய்வு உண்மையான ஆய்வு. மென்படலங்களில், அதாவது மிக மெல்லிய பொருள் அடுக்குகள் பற்றிய ஆய்வில், நல்ல குழுக்கள் இங்கே உண்டு. இந்திய அறிவியல் கழகம், ஐசர்கள் எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனங்கள், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் எல்லாம் கோடையில் நேர்காணல் வைக்கும். இப்போதே பார்த்து விண்ணப்பித்து வையுங்கள். அமெரிக்கக் கடிதத்துக்காக இரவு இரண்டரை வரை விழித்திருப்பவர், அதில் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள்.


இரண்டு கடிதம்
28 மார்ச் 2025, காலை 7.10

நான் இங்கே வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. மதுரைப் பக்கம். வேதிப் பொறியியல். எனக்கு இரண்டு இடங்களில் முழு உதவித்தொகையோடு பிப்ரவரியிலேயே அழைப்பு வந்துவிட்டது. எதற்குப் போவது என்று மார்ச் முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் மற்றதை விடவில்லை. காரணம் எதுவும் இல்லை. கையில் இரண்டு இருப்பது ஒரு தெம்பாக இருந்தது, ஏப்ரல் 15 வரை உரிமை இருக்கிறதே என்றும் நினைத்தேன்.

ஏரிக்கரை அக்கா எழுதியதை நேற்று இரவு படித்தேன். ஒன்றை விட்டால்தான் இன்னொருவருக்கு இறங்கும் என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். உடனே உட்கார்ந்து இரண்டாவது பல்கலைக்கழகத்துக்கு நன்றி சொல்லி, வரவில்லை என்று எழுதிவிட்டேன். இருபது நிமிடத்தில் பதில் வந்தது. சீக்கிரம் சொன்னதற்கு நன்றி, பட்டியலில் அடுத்தவருக்கு இன்றே எழுதுகிறோம் என்று இருந்தது. அந்த அடுத்தவர் மூன்று வாரம் முன்பே தூங்கியிருக்கலாம். அவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கையில் கூடுதலாக வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே விட்டுவிடுங்கள்.


தறிவீட்டுப்பெண்
16 ஏப்ரல் 2025, காலை 11.20

எல்லோருக்கும் வணக்கம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

27ஆம் தேதி இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் பேசினேன். வீட்டை வைத்து எங்கும் போகப் போவதில்லை என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, நீ கேட்டால் கொடுக்க வேண்டுமே என்றுதான் எடுத்துப் பார்த்தேன், கொடுக்க மனம் வருமா என்று எனக்கே தெரியவில்லை என்றார். அப்பா இவ்வளவு வெளிப்படையாக என்னிடம் பேசியதே இல்லை. பத்திரம் மறுநாள் பீரோவுக்குள் போய்விட்டது. பெரியவருக்கு என் வணக்கம்.

அன்று மாலை ஏழு மணிக்கு அனுப்பிய கடிதத்துக்கு மறுநாள் பதில் வந்தது. அக்கா சொன்னது அப்படியே சரி. என் பெயர் டி.ஏ. பட்டியலில் இருந்திருக்கிறது. பேச்சு மதிப்பெண் குறைவு என்று ஓர் ஓரத்தில் குறித்துவிட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யாரும் என்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. நான் கேட்டதும், ஏப்ரல் 4 அன்று காணொளித் தேர்வுக்கு நேரம் கொடுத்தார்கள். பதில் தேதியையும் 15 ஆக்கிவிட்டார்கள்.

தேர்வு பத்து நிமிடம். முதலாண்டு மாணவருக்குப் புரியும்படி ஏதாவது ஒன்றை விளக்க வேண்டும். கல்லூரியில் அனுமதி வாங்கி, வகுப்பறைக் கரும்பலகை முன்னால் கைபேசியை நிறுத்தினேன். நம் ஊர்ப் பட்டில் பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம் என்று நெய்த புடவையைத் திருப்பத் திருப்ப நிறம் மாறும். சோப்புக் குமிழியிலும் நிறம் மாறும். இரண்டும் ஒன்றல்ல. புடவையில் இருப்பது இரண்டு சாய நூல்கள், பார்க்கும் கோணத்தில் ஒன்று கூடுதலாகத் தெரிகிறது. குமிழியில் சாயமே இல்லை. படலத்தின் மேற்பரப்பிலும் உட்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு நிறத்தைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கின்றன. இதைத்தான் சொன்னேன். அம்மாவின் அரக்கும் பச்சையும் கலந்த புடவையைக் கையில் பிடித்துக் காட்டினேன். தேர்வு வைத்தவர்களில் ஒருவர் கோணத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். எனக்கு என் வகுப்பிலேயே நிற்பது போல இருந்தது. தடுமாறவில்லை.

ஏப்ரல் 11 இரவு கடிதம் வந்தது. டி.ஏ. பணி, வாரம் 20 மணி நேரம், கல்விக் கட்டண விலக்கு, மருத்துவக் காப்பீடு, ஒன்பது மாதத்துக்கு 24,000 டாலர். முதலாண்டுக்கு உறுதி, படிப்பில் முன்னேற்றம் சரியாக இருந்தால் ஐந்தாண்டு வரை புதுப்பிக்கப்படும் என்று இருக்கிறது. புதுப்பிக்கப்படாமல் போனவர்கள் உண்டா என்றும் எழுதிக் கேட்டேன். தகுதித் தேர்வில் தேறாதவர்களைத் தவிர வேறு யாரையும் நிறுத்தியதில்லை என்று ஒருங்கிணைப்பாளர் பதில் எழுதினார். சித்திரை முதல் நாள் காலையில் சம்மதம் அனுப்பினேன்.

காத்திருப்போர் பட்டியலில் இருந்த துறைக்கு அன்றே விலகல் கடிதமும் அனுப்பிவிட்டேன். எனக்குப் பின்னால் யாரோ இருப்பார்கள். பேச்சே இல்லாத மூன்றில் ஒன்று நேற்று மறுத்தது. இன்னொன்றில் அக்கா சொன்னபடி உள்ளே போய்ப் பார்த்தால், என் மூன்றாவது பரிந்துரைக் கடிதம் வந்து சேரவே இல்லை. டிசம்பரிலேயே அனுப்பிவிட்டதாக அதை எழுதித் தந்தவர் என்னிடம் சொல்லியிருந்தார். நானும் போய்ச் சரிபார்க்கவில்லை. கட்டிய கட்டணம் வீண். அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பவர்கள் கடைசித் தேதிக்கு மறுநாளே இதைப் பார்த்துவிடுங்கள். மூன்றாமிடத்திலிருந்து இன்றுவரை ஒன்றும் இல்லை.

தரமணி அண்ணா, உங்கள் சொல் எனக்குத் தைத்தது. சரியாகத்தான் தைத்தது. இரண்டு இந்திய நிறுவனங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். விசா கையில் வரும்வரை அவற்றை விடப் போவதில்லை. வந்த நாளே விலகிவிடுவேன்.


ஏரிக்கரை
16 ஏப்ரல் 2025, இரவு 7.45

படித்ததும் அலுவலகத்திலேயே கண் கலங்கிவிட்டது. அந்த ஓரக் குறிப்பை நினைத்தால் கோபமும் வருகிறது. நீ கேட்காமல் இருந்திருந்தால் அந்த இடம் வேறொருவருக்குப் போயிருக்கும், காரணம் உனக்கு என்றைக்கும் தெரிந்திருக்காது. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வந்ததும் தாமதிக்காமல் விசாவுக்கு நேரம் பதிவு செய். நல்ல கம்பளிச் சட்டை அங்கே வாங்காதே, இங்கே வந்து வாங்கு.


தறிவீட்டுப்பெண்
21 ஜூன் 2025, பிற்பகல் 1.15

ஐ-20 வர மே 22 ஆகிவிட்டது. செவிஸ் எனும் மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலரும் விசாக் கட்டணம் 185 டாலரும் கட்டி, நேரம் பதிவு செய்ய உட்கார்ந்தபோது மே 27 அன்று மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் நேரம் தருவதை நிறுத்திவிட்டார்கள். மூன்று வாரம். மறுபடியும் அதே இரவுகள். இந்த முறை ஒரு வேறுபாடு இருந்தது. அப்பா தறியில் உட்கார்ந்தபடியே, இன்று திறந்தார்களா என்று தினமும் கேட்டார். நான் இல்லை என்பேன், அவர் ஓடத்தை ஓட்டிக்கொண்டே சரி என்பார்.

ஜூன் 18 அன்று மீண்டும் தருவதாக அறிவித்தார்கள். சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்கச் சொன்னார்கள், வைத்துவிட்டேன். இன்று விடியற்காலை நான்கரை மணிக்குச் சென்னையில் ஜூலை 17 கிடைத்தது. வகுப்பு தொடங்குவது ஆகஸ்ட் 25. காலையில் அப்பாவிடம் தேதியைச் சொன்னேன். தறிக்கு மேலே மாட்டியிருக்கும் நாள்காட்டியில் ஜூலைத் தாளைப் புரட்டி, சாயக் கறை படிந்த பென்சிலால் 17ஐச் சுற்றி வைத்திருக்கிறார்.

இரண்டு இந்திய நேர்காணல்களில் ஒன்று ஜூலை 3. அதற்கும் படித்துக்கொண்டிருக்கிறேன். விசா முடிவு தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.